துணைக்குப் போகிறவரின் ஷிப்டு

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் முக்கியமான மருந்து ஒன்று நமக்குப் புதிதல்ல. பிறந்த குழந்தையின் தோளில் குத்தி ஆயுளுக்கும் வடுவாக நிற்கிறதே, அதே பி.சி.ஜி.தான். காசநோய்த் தடுப்பூசியாக அதைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் 1948-லேயே ஆய்வுக்கூடம் தொடங்கிவிட்டது. அந்தக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாகச் செலுத்தினால், சுரண்டி எடுத்த கட்டி திரும்ப முளைப்பது குறைகிறது என்று 1976-ல் கனடாவில் அல்வாரோ மொராலிஸ் என்ற மருத்துவர் காட்டினார். தசைவரை இறங்காத, ஆனால் வீரியமான கட்டிகளுக்கு இன்றைக்கும் இதுதான் முதல் மருந்து. குழாய் வழியாக உள்ளே விட்டதும் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். பீங்கானில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். உள்ளே போயிருப்பது உயிருள்ள கிருமி. திருப்பூரில் ஐந்தாறு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை உள்ள காம்பவுண்டு வீடுகள் ஏராளம். அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை அடுத்து நுழையக் காத்திருக்கும்போது, அந்தக் கால் மணி நேரம் கதவருகே நின்று காவல் காப்பவர் பெரும்பாலும் நோயாளியின் மனைவி.

மருத்துவமனைச் சீட்டில் இந்தக் காவலுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. துணையிருப்பதை நாம் பாசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதைச் சிகிச்சையின் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் வாதம். கணக்கென்று வந்தால் முதலில் நாட்களை எண்ண வேண்டும். பி.சி.ஜி. முதலில் வாரம் ஒன்றாக ஆறு தடவை. பிறகு 3, 6, 12, 18, 24, 30, 36-ம் மாதங்களில் மும்மூன்று வாரங்கள். முழுத் திட்டமும் நடந்தால் மூன்று ஆண்டுகளில் 27 தடவை. கட்டி திரும்புகிறதா என்று உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அது 14 தடவை. கட்டியைச் சுரண்டும் அறுவைச் சிகிச்சை, பல பேருக்குச் சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு சுரண்டல், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ஐந்தாண்டில் ஐம்பது நாளை நெருங்கிவிடும், அதுவும் நோய் அடங்கி இருந்தால். இந்த நோயைக் காலண்டரோடு நடத்துகிற நோய் என்றுதான் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஐம்பது நாள் என்பது விடுப்பு விண்ணப்பம். பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கும், செக்கிங் மேசையில் நின்று ஒன்றரை ஷிப்டு பார்த்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவருக்கும் அது ஐம்பது நாள் கூலி. கூடப் போகிறவருக்கும் அதே அளவு போகிறது. ஒரே நோய்க்கு ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் நிற்கிறது. ஆனால் எந்தத் திட்டத்தைப் புரட்டினாலும் ஒரு சம்பளத்தைப் பற்றித்தான் பேச்சு.

துணையின் வேலை மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவது. வலிக்காததால் யாரும் பதறுவதில்லை. இரண்டு நாள் போகும், நிற்கும், ஒரு மாதம் கழித்து மறுபடி வரும். அதற்குள் 'உடம்புச் சூடு' என்று இளநீர், பார்லிக் கஞ்சி, ஊறவைத்த வெந்தயம் எல்லாம் கொடுத்து, ரத்தம் தானாக நின்றதை வைத்தியம் பலித்ததாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். பெண்ணுக்கு வந்தால் இன்னும் சிக்கல். மாதவிலக்கு என்றோ நீர்க்கடுப்பு என்றோ சொல்லி, மருந்துக் கடை மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடும். ஷிப்டு முடியும்வரை அடக்கிவைத்துப் பழகிய பெண்களுக்கு நீர்க்கடுப்பு வாடிக்கையான ஒன்றாகிவிட்டதால் சந்தேகமே எழுவதில்லை. நோய் தெரிந்தபின்னும் நாள் நகர்கிறது. 'தீபாவளி போனஸை வாங்கிவிட்டுப் பார்க்கலாம்' என்பது இந்த ஊரின் மருத்துவ வழக்கம். கட்டி தசைக்குள் இறங்கிவிட்டது என்று உறுதியான பின் அறுவைச் சிகிச்சை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலக அளவில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு நோய் தசையை எட்டுவதற்கு முன்பே பிடிபட்டுவிடுகிறது. அந்த மூவரில் ஒருவராக இருக்கிறாரா இல்லையா என்பதை முடிவு செய்வது முதல் சதைப் பரிசோதனை அறிக்கை. அதில் பார்க்க வேண்டிய ஒரு சொல் 'தசை'. சுரண்டி எடுத்த துணுக்கில் தசை இருந்ததா, இருந்தால் அதில் புற்று இருந்ததா? தசையே வரவில்லையென்றால் 'தசையில் புற்று இல்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாது. மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும். மயக்கம் தெளியாமல் படுத்திருப்பவர் இதைக் கேட்க முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் கேட்க வேண்டும். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால்தானே அவருக்கும் கேட்கத் தெரியும்.

துணைக்கு மட்டுமே தெரிந்த இன்னொன்றும் உண்டு: கணவர் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, எந்தப் பட்டறையில், என்ன வேலை பார்த்தார் என்பது. புறநோயாளிச் சீட்டில் 'தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். திருப்பூரில் அந்த ஒரு சொல்லால் ஒரு வழக்கே மறைந்துபோகலாம். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்ற சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் கண்டதாக அறிவித்தது 1895-ல். பென்சிடின், பீட்டா நாப்தைலமின் ஆகியவற்றோடு புழங்கிய பிரிட்டன் சாயத் தொழிலாளர்களை ஆராய்ந்து ராபர்ட் கேஸ் குழு அதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது 1954-ல். பருத்தியில் நேராகப் பிடிக்கும் மலிவான பல 'டைரக்ட்' சாயங்கள் பென்சிடினிலிருந்து வந்தவை. இந்தியா பென்சிடின் சார்ந்த 42 சாயங்களை 1993-லும் மேலும் 70 அசோ சாயங்களை 1997-லும் தடை செய்தது. இந்தப் புற்று தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். தடைக்கு முன் இருபது வயதில் தொட்டியில் சாயம் கலக்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். பீடியும் அதே காலத்தில் அவர் கையில் இருந்திருக்கலாம். இந்த நோய்க்குப் புகையிலைதான் மிகப் பெரிய காரணம், பாதி நோயாளிகளுக்கு அதுதான் காரணமென்று கணக்கிடுகிறார்கள். ஒரு தனி மனிதரின் கட்டியைக் காட்டி இது சாயத்தால் வந்தது, இது பீடியால் வந்தது என்று பிரிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. ஆனால் சட்டம் அந்த அளவுக்குக் கேட்கவுமில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 'தொழில்சார் புற்றுநோய்' அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்று பெயரோடு இருக்கிறது. 2020-ன் சட்டத் தொகுப்புகளுக்குள் இவை போனபோதும் பட்டியல் கூடவே போனது. தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டால் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ தரும் தொகை நோய்க்கால உதவியான 70 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாகிறது. அதற்கு முதல் ஆதாரம் அந்தச் சீட்டில் 'சாயப்பட்டறை, விஞ்ச் ஆபரேட்டர், இத்தனை வருடம்' என்று மருத்துவர் கையால் எழுதியிருப்பது. நொய்யல் ஆற்றில் கலக்கும் கழிவுநீருக்காக உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின் பல பட்டறைகள் திரும்பத் திறக்கவேயில்லை. வேலை பார்த்ததற்கு ரசீது கேட்க அங்கே ஆளில்லை. மனைவியின் ஞாபகம்தான் மிச்சம். (ஐரோப்பாவுக்குப் போகும் பனியனில் 22 வகை அமீன்கள் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று துணியை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். சாயம் போட்டவரின் சிறுநீரை அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.)

இத்தனை சொல்லிவிட்டு எதிர்த்திசையில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துணை என்ற பெயரில் நோயாளியையே ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்' என்று கதவுக்கு வெளியே கிசுகிசுப்பதை நாம் அன்பென்று நினைக்கிறோம். மூன்று ஆண்டுக்கு 27 முறை குழாய் விட்டுக்கொள்ளப்போகிற மனிதரிடம் எதற்கென்று சொல்லாமல் எப்படிச் சம்மதம் வாங்குவது? ஆறாவது தடவையில் எரிச்சல் தாங்காமல் 'எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு இது' என்று அவர் நிறுத்திவிட்டால், மறைத்தவர்களே அதற்குக் காரணம். நோய் தசைக்குள் போனபின் எடுக்க வேண்டிய முடிவுகள் இன்னும் கடினம். சிறுநீர்ப்பையையே எடுத்துவிடலாம், பல இடங்களில் அதற்கு முன் கீமோ தருகிறார்கள். அல்லது கட்டியை முடிந்தவரை சுரண்டிவிட்டுக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்து, தகுதியுள்ளவர்களுக்குப் பையைக் காப்பாற்றப் பார்க்கலாம். எடுத்துவிட்டால் சிறுநீர் போக வழி வேண்டும். சிறுகுடலின் ஒரு துண்டை வயிற்றுத் தோலில் துளையாக்கி வெளியே பை ஒட்டுவது ஒரு முறை. குடலையே உள்ளே பைபோலத் தைத்து வைப்பது இன்னொரு முறை. உள்ளே தைத்த பையில் நிரம்பிய உணர்வு வராது. இரவில் அலாரம் வைத்து மூன்று நான்கு மணிக்கொருமுறை எழ வேண்டும், சிலருக்குத் தாமே குழாய் விட்டு வடிக்கவும் நேரும். வெளியே ஒட்டும் பையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நீராவியும் வியர்வையுமாக உள்ள சாயக்கூடத்தில் பசை நிற்குமா, மாதாமாதம் பைக்குக் காசு யார் தருவது, தாம்பத்தியம் என்னாகும் என்ற கேள்விகள் உண்டு. பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி, ஏனென்றால் உடல் அவருடையது. ஆனால் அந்த அலாரச் சத்தத்தில் தானும் விழிக்கப்போகிறவரை அந்தப் பேச்சில் உட்காரவைக்காமல் எடுக்கும் முடிவு வீட்டுக்கு வந்ததும் தடுமாறும். முடிவைக் கையில் எடுத்துக்கொள்ளாமல், முடிவெடுக்கும் இடத்தில் கூட உட்கார்ந்திருப்பது என்பது நம் குடும்பங்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய பழக்கம். அதை மருத்துவமனைதான் கற்றுத்தர முடியும்.

துணை இருப்பதால் உண்மையிலேயே ஆயுள் கூடுகிறதா? அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 7,34,889 நோயாளிகளை எடுத்து அயல் அய்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. திருமணமானவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு. நோய் பரவிய நிலையில் முதன்முதலாகப் பிடிபடும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவு. சில புற்றுகளில் இந்த வித்தியாசம் கீமோவால் கிடைக்கும் பலனைவிடப் பெரியது என்று அவர்கள் எழுதினார்கள். அந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட பத்துப் புற்றுகளில் சிறுநீர்ப்பை இல்லை என்பதையும், உடல்நலமும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் திருமணம் எளிதில் அமைகிறது என்ற மறுப்பையும் மறைக்க வேண்டியதில்லை. தாலிக்கோ மோதிரத்துக்கோ மருத்துவ சக்தி கிடையாது. கூட ஒருவர் இருந்தால் சிகிச்சையை முழுதாக முடிக்கிறார்கள், அடையாளத்தைச் சீக்கிரம் கவனிக்கிறார்கள் என்ற விளக்கம்தான் பொருந்துகிறது. நாள் தவறாமல் வரவேண்டிய சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்த வேண்டும் என்பது என் ஊகம். 2009-ல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு கசப்பானது. மூளைக் கட்டி உள்ளிட்ட கடும் நோய் கண்ட 515 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி ஆணாக இருந்தபோது பிரிந்த தம்பதிகள் 2.9 சதவீதம், நோயாளி பெண்ணாக இருந்தபோது 20.8 சதவீதம். அமெரிக்க எண்களை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் துணையிருப்பது இயல்பாகவே நடந்துவிடும், அதை யாரும் ஏற்பாடு செய்யத் தேவையில்லை என்று சொல்பவர்கள் அந்த 20.8-க்குப் பதில் சொல்லியாக வேண்டும். கணவருக்கு வரும்போது மனைவி வேலையை விடுகிறார். மனைவிக்கு வரும்போது அம்மா ஊரிலிருந்து வரவழைக்கப்படுகிறார்.

இனிச் சட்டத்தின் ஓட்டைக்கு வருவோம். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் உள்ளவர் ஈஎஸ்ஐக்குள் வருகிறார், அவரிடமிருந்து 0.75 சதவீதம், நிறுவனத்திடமிருந்து 3.25 சதவீதம் பிடிக்கிறார்கள். நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாட்கள்வரை 70 சதவீதச் சம்பளம். புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, தொடர்ந்து இரண்டாண்டு வேலையில் இருந்தவருக்கு, 80 சதவீதம் வீதம் இரண்டாண்டுவரை. உலகத் தரத்தில் பார்த்தாலும் இது மோசமான ஏற்பாடல்ல. குறைசொல்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரும் அதே ஈஎஸ்ஐக்குப் பணம் கட்டும் தொழிலாளிதான், அவர் இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. வராதது மட்டுமென்றால் பரவாயில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச்வரை ஒன்று எனப் பங்களிப்புக் காலங்கள் ஆறாறு மாதம். ஒரு காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருந்தால்தான் அதற்குரிய அடுத்த பயன் காலத்தில் நோய்க்கால உதவி கிடைக்கும். ஆர்டர் குறைந்து வாரத்துக்கு நாலு நாள் மட்டுமே ஷிப்டு ஓடுகிற அரையாண்டில், கணவரின் அறுவைச் சிகிச்சைக்கும் கீமோவுக்குமாக இரண்டு மாதம் வேலைக்குப் போகாத பெண் அந்த 78-க்குக் கீழே எளிதில் விழுந்துவிடுவார். அதாவது கணவரின் நோயைப் பார்த்துக்கொண்டதற்காக, தான் நோயில் விழுந்தால் கிடைக்க வேண்டியதை இழக்கிறார். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துக்கு 5 லட்சம்வரை சிகிச்சைச் செலவு தீரும். அதிலும் கூலிக்கு வழியில்லை. கோவைக்குப் பேருந்தேறிச் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளுக்கு அவர் வாங்குவது ஒரு டீ, ஒரு பன்.

வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. புற்றுநோய்க்கான நீட்டித்த உதவி அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் பெயர் சொல்லும் காப்பீடு பெற்ற ஒரு குடும்பத்தாருக்கு, ஆண்டுக்கு 30 நாள் பராமரிப்பு விடுப்பு. 70 சதவீதச் சம்பளம். அந்த நாட்கள் பங்களிப்பு நாட்களாகவே எண்ணப்பட வேண்டும். உச்சவரம்புச் சம்பளமான 21,000-ஐ எடுத்தால் நாளுக்கு 700 ரூபாய், அதில் 70 சதவீதம் 490, முப்பது நாளுக்கு 14,700 ரூபாய். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு அதிகபட்சச் செலவு இதுதான். தன் உடம்பு நோகாதவருக்கு ஈஎஸ்ஐ சம்பளம் தரலாமா என்று கேட்கலாம். ஏற்கெனவே தருகிறது. கைக்குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு 2017 முதல் 12 வார மகப்பேறு உதவி உண்டு. அவர் பிரசவிக்கவில்லை, பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்வதற்குக் கூலி என்ற கொள்கையை அன்றே ஏற்றாகிவிட்டது. ஜப்பானில் நோயுற்ற ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்காகவும் 93 நாள் விடுப்பு எடுக்கலாம். வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து 67 சதவீதச் சம்பளம் வரும். கனடாவில் கடும் நோயுற்ற பெரியவரைப் பார்த்துக்கொள்ள 15 வாரம்வரை காப்பீட்டு உதவி உண்டு.

முதலாளிகள் தரப்பில் எழும் முதல் மறுப்பு நியாயமானது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தார்கள். டெலிவரி தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பிக் கைக்காசைப் போட வேண்டிய தொழில் இது. இன்னொரு விடுப்பா? ஆனால் பணம் நிறுவனத்திலிருந்து போகவில்லை, ஏற்கெனவே கட்டிய நிதியிலிருந்து போகிறது. ஆள் வராத நாள் எப்படியும் வராத நாள்தான். இன்று அவர் சொல்லாமல் நிற்கிறார், லைன் பாதியில் தடுமாறுகிறது. பி.சி.ஜி. தேதிகள் ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும் என்பதால், சொல்லிவிட்டு எடுக்கும் விடுப்பு சூப்பர்வைசருக்கும் வசதி. போலிச் சான்றிதழ் பெருகும் என்பது அடுத்த மறுப்பு. சளி காய்ச்சலுக்கு வாங்கும் சான்றிதழைப் பற்றி அப்படிச் சொல்லலாம். சதைப் பரிசோதனை அறிக்கையும், அறுவை அரங்கப் பதிவும், குழாய்க் கேமராத் தேதியும் இருக்கிற நோயில் யார் எப்படிப் பொய் சொல்வது? எல்லா நாளுக்கும் துணை தேவையா என்ற கேள்விதான் உண்மையில் கூர்மையானது. தேவையில்லை. மரத்துப்போக ஜெல் போட்டுச் செய்யும் கேமராப் பரிசோதனைக்கு நோயாளி தனியாக வந்து தனியாகப் போகலாம். பழகிப்போன பத்தாவது பி.சி.ஜி.க்கும் அப்படித்தான். அறுவைச் சிகிச்சை நாட்கள், அதன் பிந்தைய வாரங்கள், கீமோ நாட்கள், முதல் ஒன்றிரண்டு மருந்துகள், சிகிச்சைத் திட்டம் பேசும் நாள், பை மாற்றக் கற்றுக்கொள்ளும் நாள் ஆகியவற்றுக்குத் துணை இல்லாமல் முடியாது. அதனால்தான் எல்லா நாளுக்கும் கேட்காமல், ஆண்டுக்கு முப்பது என்று வரம்பு வைத்தேன்.

இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. மனைவி கணவனைப் பார்ப்பதற்குக் கூலி என்றால் பாசத்தை விலைபேசுவதாகாதா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் அவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். விடுப்பெடுத்து மனைவியைப் பார்த்துக்கொண்ட மாதத்தில் அவர்கள் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்ததால் அவர்கள் பாசம் குறைந்துபோகவில்லை. ஈஎஸ்ஐக்கு வெளியே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது மற்றது. இதற்கு என்னிடம் நிறைவான பதில் இல்லை. கான்ட்ராக்டர் பெயரில் வேலை செய்பவர், வீட்டிலேயே டிரிம்மிங் பார்க்கும் பெண், மனைவியை ஒடிசாவிலோ பீகாரிலோ விட்டுவிட்டு அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருப்பவர் ஆகியோருக்கு இந்தத் திட்டம் எட்டாது. எட்டாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எட்டக்கூடியவர்களுக்கும் வேண்டாம் என்றால் 1948-ல் ஈஎஸ்ஐ சட்டமே வந்திருக்காது. தனியாக இருப்பவர் விஷயத்தில் கூட வரும் அறைத் தோழரையும் பெயர் சொல்ல அனுமதிக்கலாம். குடும்ப அட்டையில் இல்லாதவர் என்று தள்ள வேண்டாம்.

சட்டத் திருத்தம் டெல்லியில் நடக்க வேண்டும், நாளாகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் 'உறவினர் கையொப்பம்' என்ற இடத்தில் மனைவியிடம் கையெழுத்து வாங்காமல் எந்த மருத்துவமனையும் நோயாளியை உள்ளே அனுப்புவதில்லை. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பதாக அவர் அங்கே எழுதிக் கொடுக்கிறார். அதே மேசையில், அதே முத்திரையை இன்னொரு சீட்டிலும் குத்தலாம்: 'உடனிருந்தவர்: மனைவி. தேதி இன்னது. காலை 7 மணி முதல் மாலை 6 வரை.' மறுநாள் செக்கிங் மேசைக்கு அவர் அந்தத் துண்டுச் சீட்டோடு போவார்.